ஆறுதல் ஜன்னல்

மின்கட்டணம் வாங்கும் கவுன்டருக்கு நல்ல மனநிலையோடு வருகிறவர்கள் குறைவு. எங்கள் கதக் ஊரில் அந்தக் கவுன்டரில் நீலகங்கா அங்கடி பல வருடங்களாக உட்கார்ந்திருந்தாள். அவளே யாருக்கும் தெரியாமல் வந்து மீட்டரைக் கையால் சுற்றிவிட்டுப் போகிறாள் என்ற நம்பிக்கையோடுதான் ஜனங்கள் வந்தார்கள். "ரெண்டு பல்பு, ஒரு ஃபேன். அதுக்கு இவ்வளவா? உங்க வீட்டுக் கரண்டையும் எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்பார்கள். அவள் ரசீதைக் கிழித்துக் கொடுப்பாள். சாயங்காலம் வரை இதுதான்.

காலையில் மட்டும் அவளுக்கென்று ஓர் ஊர் இருந்தது.

ஹொசகடவு. மேற்கே மலை இறங்கிப் போனால், ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே ரெமீஜியஸ் லோபோ என்பவர் ஒரு வலைப்பூ நடத்தினார். தினமும் தன் ஊரில் ஒரு படம் எடுத்துப் போட்டு, அதன் கீழே ஓரிரு வரி எழுதுவார். நனைந்த ஓட்டுக்கூரை. துறையில் கட்டிய சிவப்புப் படகு. நீலக் கதவுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு. கல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஒரு கிழவர். நீலகங்கா தோசைக்கல்லில் சோள ரொட்டியைப் போட்டுவிட்டுப் போனில் அதைத் திறப்பாள். ரொட்டி கருகும்.

"இன்னிக்கு உங்க ஊர்ல என்ன, மழையா?" என்று ரொட்டியின் கரியைச் சுரண்டிக்கொண்டே அவள் கணவர் சன்னவீரப்பா கேட்பார். மாவு மில் நடத்துகிறவர். மில் மூடியிருக்கும் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவர் தலைமுடியின் உண்மையான நிறம் யாருக்கும் தெரியாது.

"தூறல்" என்பாள் அவள், கண்ணை எடுக்காமல்.

படங்களுக்குக் கீழே அவள் ஏதாவது எழுதுவாள். "அழகாக இருக்கிறது சார்", "இந்தப் படகு யாருடையது?" இப்படி. ரெமியும் பதில் எழுதுவார். எப்போதும் 'அக்கா' என்றுதான். கதகில் தன்னை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றும். கதகில் அவள் பெயரைப் புகார்களில் மட்டுமே எழுதினார்கள்.

பிறகு அவளுடைய தாய் இறந்துபோனாள். அந்த நாட்களில் நீலகங்கா அழவில்லை. வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது, சடங்கு செய்யும் சாமியாருக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது, தம்பி மனைவிக்கும் அத்தைக்கும் நடந்த சண்டையைத் தீர்க்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து ஒரு காலையில் வலைப்பூவைத் திறந்தவள், அன்றைய படத்தின் கீழே தாய் போய்விட்ட செய்தியை ஒரே வரியில் எழுதினாள். மறுநாள் அவளுடைய போனுக்குத் தனியாக ஒரு படம் வந்தது. அந்தி நேரத்தில் ஒரு பழைய மர ஜன்னல். கண்ணாடியில் மழைக்கோடுகள். உள்ளே ஓர் எண்ணெய் விளக்கு. கூடவே வந்த பதில் இது: 'அக்கா, உங்கள் தாய்க்காக இந்த விளக்கு. இந்தப் படம் உங்களுக்கு மட்டும். ஒருநாள் வாருங்கள், இந்த ஜன்னல் முன்னால் உங்களை நிறுத்துகிறேன்.'

அன்றைக்கு ரொட்டி முழுதும் எரிந்துபோனது. சன்னவீரப்பா புகையைப் பார்த்து ஓடிவந்தபோது அவள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நாம அங்க போகணும்ங்க" என்றாள்.

"கடலோர ஊரா? மீன் நாத்தம் குடலைப் புடுங்கும்."

"இத்தனை படத்துல ஒரு மீன்கூட இல்லையே."

"படத்துல நாத்தம் எப்படிடி வரும்?"

ஆனாலும் மில்லைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு அவர் கிளம்பினார். அவளோடு அவர் சேர்ந்து போன முதல் வெளியூர்ப் பயணம் அது. கல்யாணம், கருமாதிக்குப் போனதையெல்லாம் பயணத்தில் சேர்க்க முடியாது. ஹுப்பள்ளி வரை ரயில், அங்கிருந்து மலை வளைவுகளில் பஸ். வழியெல்லாம் நீலகங்கா அவருக்கு ஊரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ்நிலையத்திலிருந்து இடது கைப்பக்கம் திரும்பினால் கல் பெஞ்சு, அதைத் தாண்டினால் நீலக் கதவுத் தெரு, அது போய் முடிவது படகுத்துறை. கதகில் காய்கறிச் சந்தைக்கே வழி தப்பிப் போகிறவள் இவள் என்பதால் சன்னவீரப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

ஹொசகடவு பஸ்நிலையத்தில் அவர்கள் இறங்கியதும் முதலில் வந்தது நாற்றம். மீன் நாற்றம் அதில் ஒரு பகுதிதான். சாக்கடை ஒன்று பஸ்நிலையத்தைச் சுற்றிவந்து, போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தது. சன்னவீரப்பா துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். அவர் ஏதாவது சொல்வதற்குள், கழுத்தில் அட்டையும் விசிலும் தொங்க ஓர் ஆள் இவர்கள் முன்னால் வந்து கைகூப்பினார்.

"படம் பாத்து வந்தவங்களா, சும்மா வந்தவங்களா?"

"அப்படின்னா?"

"சும்மா வந்தவங்கன்னா அந்த வாசல் வழியாப் போயிடலாம் மாராயா. எங்கே வேணா போகலாம், எதை வேணா பாக்கலாம். படம் பாத்து வந்தவங்கன்னா நாங்க பொறுப்பு."

"படம் பாத்துத்தான் வந்தோம்" என்றாள் நீலகங்கா பெருமையாக.

சன்னவீரப்பா அந்த மற்ற வாசலை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டார்.

வந்தவர் பெயர் புஷ்பராஜ் பங்கேரா. ஹொசகடவு காட்சி ஆணையத்தில் பார்வை உதவியாளர். ஆணை 'மாராயா' என்றும் பெண்ணை 'மாராய்தி' என்றும் செல்லமாகக் கூப்பிடும், கடற்கரைக்காரர்களுக்கே உரிய இனிமையான பேச்சு அவருக்கு. இருவருக்கும் ஆளுக்கொரு அட்டைச் சட்டம் கொடுத்தார். நடுவில் நீள்சதுரமாக ஓட்டை வெட்டியிருந்தது.

"இதுக்குள்ளே பாத்தீங்கன்னா நம்ம ஊரு வலைப்பூவுல இருக்கற மாதிரியே இருக்கும். சட்டத்துக்கு வெளிய இருக்கறது எதுவும் ஆணையத்துக்குச் சேர்ந்தது இல்ல."

"அப்போ யாருக்குச் சேர்ந்தது?"

"நகராட்சிக்கு. அவங்களைப் பத்தி நான் என்ன சொல்ல?" என்று வருத்தத்தோடு தலையாட்டினார்.

அவர் காட்டிய வழியில் நடந்தார்கள். தரையில் அங்கங்கே மஞ்சள் வட்டம் வரைந்திருந்தது. வட்டத்தில் நிற்க வேண்டும், சட்டத்தைக் கண்ணருகில் வைக்க வேண்டும், புஷ்பராஜ் விசில் ஊதியதும் அதைக் கீழே இறக்கிவிட்டு நகர வேண்டும். முதல் வட்டத்திலிருந்து கல் பெஞ்சும் பேப்பர் படிக்கும் கிழவரும் தெரிந்தார்கள். நீலகங்காவுக்கு நெஞ்சு பொங்கியது. அதே வளைவு, அதே பெஞ்சு, அதே நரைத்த தலை.

"பெரியவர் நல்லா இருக்காரே" என்றாள்.

"அவரு காலமாயிட்டாரு அக்கா. இது அவரு மகன். கருணை அடிப்படையில அப்பா வேலையை மகனுக்கே குடுத்தோம்."

சன்னவீரப்பா கிட்டே போய்ப் பார்த்தார். அந்த மனிதருக்கு நாற்பதுகூட இருக்காது. தலையில் பவுடர் கொட்டியிருந்தார்கள். மில்காரருக்குத் தன் இனத்தான் ஒருவனைக் கண்டது போல இருந்தது.

"பேப்பர்ல என்ன தம்பி சேதி?"

"அதேதான் அண்ணா. படத்துல இருந்த பேப்பரையே படிக்கணும்னு உத்தரவு. நான் சேர்ந்த நாள்லேர்ந்து இவங்க இன்னும் மந்திரிசபை அமைச்சு முடிக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய யாரு ஆட்சியில இருக்காங்க?"

விசில் அடித்தது. பேச்சு நின்றது.

நீலக் கதவுத் தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கொடியில் ஒரு துணி இல்லை, வாசலில் ஒரு வாளி இல்லை. படத்தில் இருந்தது போலவே ஒரு பூனை மட்டும் மதில்மேல் இருந்தது. நீலகங்கா அருகே போனபோது அது கல்லுப் பூனை என்று தெரிந்தது. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து பெண் குரல் கேட்டது.

"போயிட்டாங்களா?"

"இன்னும் இல்ல" என்றார் புஷ்பராஜ்.

"அரிசி களைஞ்ச தண்ணியை எங்க கொட்ட? காலையிலேர்ந்து கையில வெச்சிட்டு நிக்கிறேன் மாராயா!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. கதகிலேர்ந்து வந்திருக்காங்க."

"கதக்ல தெருவே இல்லையா அவங்களுக்கு?" என்றது கதவு.

நீலகங்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் சட்டத்தை இறக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ஜன்னலைப் பார்த்துவிட்டால் போதும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். துறைக்கு வந்தார்கள். சிவப்புப் படகு வட்டத்திலிருந்து பார்க்க மிக அழகாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சன்னவீரப்பா சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டார். எந்தப் பொருளைக் கண்டாலும் பின்பக்கம் போய்ப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

"நீலா! இங்க வாடி. இதுக்கு மறுபக்கமே இல்ல!"

படகு பாதிப் படகுதான். முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அதன் பின்னால் ஊரின் சாக்கடை எல்லாம் ஒன்றாகி ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி, இடிந்த பாலம் ஒன்று நடு ஆற்றில் முழங்காலிட்டு நின்றது. பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

புஷ்பராஜ் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். சன்னவீரப்பா செய்தது காட்சி மீறல். அதற்கான தண்டனை, ஆணையரிடமிருந்து நேரில் விளக்கம் பெறுவது.

ஆணையர் வாதிராஜ ஹெப்பார் அவர்களை உட்காரவைத்து, கோளி பஜே என்னும் மைதா போண்டாவும் சட்னியும் வரவழைத்துக் கொடுத்தார். அவருடைய அறையில் ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஜன்னல்களின் படங்கள் இருந்தன.

"நீங்க கோவிச்சுக்கிட்டீங்க. கோவப்பட உங்களுக்கு உரிமை இருக்கு" என்று ஆரம்பித்தார். "நானும் பதவிக்கு வந்த புதுசுல அந்தப் பாலத்தைப் பாத்து மனசொடிஞ்சு போனேன். என் முன்னால ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, ஊரைச் சரி பண்றது. அதுக்கு என்ஜினியர் வேணும், குழாய் வேணும், தோண்டணும். தோண்டினா ஜனங்க திட்டுவாங்க. பாதியில நின்னா இன்னும் திட்டுவாங்க. ரெண்டாவது, ஊரைப் பாக்கறதைச் சரி பண்றது. இதுக்கு அட்டை போதும்."

"பிள்ளைங்க தண்ணியில நடக்குதுங்களே சார்" என்றாள் நீலகங்கா.

"நடக்குதுங்க. மறைக்க மாட்டேன். ஆனா அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு படத்துலயாவது அந்தப் பிள்ளைங்க வந்திருக்கா? எங்க ஆளுங்க எவ்வளவு கஷ்டப்படறாங்க தெரியுமா? அதுங்க ரெண்டு வேளையும் கடக்குதுங்க. ஒரு தடவைகூடப் படத்துல விழாம பாத்துக்கறோம். பக்கத்து ஊர்க்காரங்களால இதைச் செய்ய முடியல. அவங்க படத்துல குப்பைமேடே வந்துடுச்சு. அவமானம்."

"ஊர்க்காரங்க உங்களைக் கேக்கலையா?" என்றார் சன்னவீரப்பா.

"கேக்கறாங்க. ஆனா அவங்க யாரும் படம் பாத்து வந்தவங்க இல்லையே. இங்கயே பொறந்தவங்க. அவங்க எதிர்பார்ப்புக்கு நாங்க எப்படிப் பொறுப்பாவோம்?" பேச்சு தனக்கே பிடித்துப்போக, ஆணையர் எழுந்து நின்றுகொண்டார். "அடுத்த வருஷம் இன்னும் பெரிய திட்டம் வெச்சிருக்கோம். பாலத்துக்குத் திரை போடப்போறோம். திரையில பாலம் வரைஞ்சிருக்கும்."

சன்னவீரப்பா பஜேயைத் தட்டில் வைத்துவிட்டார். நீலகங்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

"மத்ததெல்லாம் இருக்கட்டும் சார். உங்க ஊரு, உங்க பாடு. எனக்கு ஒரே ஒரு ஜன்னலைக் காட்டினா போதும். உள்ள விளக்கு எரியும். எங்கம்மா போனப்ப ரெமி சார் எனக்குன்னு எடுத்த படம். வந்தா காட்டறேன்னு சொல்லியிருக்காரு."

ஆணையர் முகம் மலர்ந்தது. "அடடா, ஆறுதல் பிரிவா நீங்க! முதல்லயே சொல்லக் கூடாதா? வெளியில பெஞ்சு போட்டிருக்கு. வரிசையில உக்காருங்க."

வரிசை என்ற சொல் அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. கட்டடத்தின் பின்புறம் போனபோது புரிந்தது. ஒரு சந்தின் வாயில் நீள பெஞ்சுகள் கிடந்தன. வெள்ளைச் சட்டையும் மங்கிய புடவையுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருப்பது போல யாரும் யாரையும் பார்க்காமல் இருந்தார்கள். ஓரமாக இருந்த ஒரு டீச்சரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். சிவமொக்காவிலிருந்து வந்தவராம்.

"நீங்களும் ஜன்னலுக்கா?" என்று நீலகங்கா தயங்கிக் கேட்டாள்.

"ஆமாம்மா. எங்கப்பா தவறினப்ப ரெமி சார் எனக்காக எடுத்த படம். எனக்கு மட்டும்னு எழுதியிருந்தாரு. அதைப் பாக்க இவ்வளவு கூட்டம் ஏன்னு தெரியல."

நீலகங்கா போனை எடுத்துத் திறந்து அந்த வரியைக் காட்டினாள். டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு தன் போனை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். 'தாய்' இருந்த இடத்தில் 'தந்தை' இருந்தது. மற்றதெல்லாம் ஒன்றே.

பெஞ்சு முழுக்கப் போன்கள் வெளியே வந்தன. 'உங்கள் அண்ணனுக்காக இந்த விளக்கு.' 'உங்கள் மனைவிக்காக இந்த விளக்கு.' பீதர் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும் போனைக் காட்ட மறுத்து வேட்டியில் மறைத்தார். வற்புறுத்தியதும் காட்டினார். 'உங்கள் எருமைக்காக இந்த விளக்கு. இந்தப் படம் உங்களுக்கு மட்டும்.'

யாரும் சிரிக்கவில்லை.

"நல்ல எருமைங்க" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "வீட்டுல ஒருத்தி மாதிரி இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் கேமராவும் அடையாள அட்டையுமாக ஒருவர் சந்துக்குள் வந்தார். வலைப்பூவின் மூலையில் இருந்த சின்னப் படத்தை இத்தனை வருடம் பார்த்திருந்ததால் நீலகங்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ரெமீஜியஸ் லோபோ. இப்போது ஆணையத்தின் தலைமைக் காட்சி அலுவலர்.

அவள் எழுந்தாள். "ரெமி சார், நான் நீலகங்கா."

அவர் சிரித்தபடி நின்றார். அந்தப் பெயர் அவருக்குள் எங்கேயும் போய் இடிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கதக்" என்றாள்.

"ஓ, கதக்! கதக்ல நிறைய பேரு நம்ம பக்கத்தைப் பாக்கறாங்க அக்கா."

"எங்கம்மா போனப்ப நீங்க எழுதினீங்களே."

"ஆமாமாம். ரொம்ப வருத்தம்."

"அதை நீங்கதான் எழுதினீங்களா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

ரெமி கேமராவின் மூடியைத் திறந்து மூடினார். "முதல் தடவை நான்தான் எழுதினேன் அக்கா. மனசாரத்தான் எழுதினேன், சத்தியமா. அதைப் படிச்சுட்டு அந்த ஆளு நேரா கிளம்பி வந்துட்டாரு. அதனால ஆணையம் அதை நிரந்தரமாக்கிடுச்சு. இப்ப கம்ப்யூட்டர்லேர்ந்து அதுவா போயிடும். யாராச்சும் செத்துட்டாங்கன்னு எழுதினா போதும்."

"அந்த முதல் ஆளு யாரு?"

"விஜயபுரான்னு நெனைக்கறேன். இல்ல, ராய்ச்சூரு."

அந்த முதல் ஆளும் ரெமிக்கு நினைவில் இல்லை. அது நீலகங்காவுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. தான் முதலாவது ஆளாக இல்லாமல் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

"நீங்க ஒரு நல்ல மனுஷர்னு இவ தினமும் ரொட்டியைக் கருக்கினாளேய்யா" என்றார் சன்னவீரப்பா. அவருக்குக் கோபத்தில் வார்த்தை சரியாக வரவில்லை.

ரெமிக்கும் கொஞ்சம் ரோஷம் வந்தது. "நான் என்ன அண்ணா பொய்யா சொன்னேன்? ஆரம்பத்துல எல்லாத்தையும்தான் போட்டேன். பாலம் இடிஞ்ச அன்னிக்குப் போட்டேன். சாக்கடையைப் போட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதல. நனைஞ்ச கூரையைப் போட்டா அம்பது பேரு அழகு அழகுன்னு எழுதினாங்க. அப்புறம்தான் நான் ஓர் எட்டு இடது பக்கமா தள்ளி நின்னேன். அவ்வளவுதான் செஞ்சேன். ஓர் எட்டு."

"அந்த ஓர் எட்டுக்கு எப்ப வேலை குடுத்தாங்க?" என்றார் சன்னவீரப்பா.

"மறு வருஷம்" என்றார் ரெமி, கேட்டதன் பொருள் புரியாமலே.

இதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. புஷ்பராஜ் வந்து நீலகங்காவை மஞ்சள் வட்டத்தில் நிறுத்தினார். திரும்பிப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கால் வரவில்லை. சந்தின் முடிவில் அந்த ஜன்னல் இருந்தது. அந்தி நேரம். மேலே ஒரு குழாயிலிருந்து கண்ணாடிமேல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் அது அழகாகவே இருந்தது. தாயின் முகம் அவளுக்கு ஒரு கணம் நினைவில் வந்தது.

அப்போது ஜன்னல் படாரென்று திறந்தது. பொரிக்கும் மீனின் வாசனையோடு ஒரு பெண்ணின் தலை வெளியே வந்தது.

"புஷ்பராஜா, இன்னும் எத்தனை பேருடா? எனக்குப் புகை மூச்சை அடைக்குது!"

"மூடு குலாபி அக்கா, மூடு! ஆளு நிக்கறாங்க!"

"நிக்கட்டும். அவங்களும் பாக்கட்டும்." குலாபி ஜன்னல் விளிம்பில் கைகளை ஊன்றிக்கொண்டு நேராக நீலகங்காவைப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. "ஏம்மா மாராய்தி, யாரு போயிட்டா உனக்கு?"

"எங்கம்மா."

"என் புருஷன் போன மாசம் போனாரு. இந்த அறையிலதான் கிடத்தியிருந்தோம். ஜன்னலைத் திறக்க விடல இவங்க. உள்ள நாங்க அழறது வெளிய கேக்குதுன்னு கதவைத் தட்டினாங்க. பாக்க வந்தவங்களுக்கு ஆறுதல் கெடுதாம். விளக்கை மட்டும் அணைக்காதேன்னு சொன்னாங்க. நான் வாயில துணியை வெச்சுக்கிட்டு அழுதேம்மா. நீங்கல்லாம் இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுப் போனீங்க."

நீலகங்காவின் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. அழுகை வந்தது. தாய்க்காக வந்ததா, இந்தப் பெண்ணுக்காக வந்ததா, ஏமாந்துபோனதற்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. சன்னவீரப்பா வட்டத்துக்குள் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் கிளிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"அப்படியே இருங்க அக்கா" என்றார் ரெமி கேமராவுக்குப் பின்னாலிருந்து. "அழுகையை நிறுத்தாதீங்க. அண்ணா, நீங்க மட்டும் ஓர் எட்டு தள்ளுங்க."

சன்னவீரப்பா தள்ளவில்லை. ரெமிதான் தள்ளி நின்றார்.

குலாபி அவர்களைச் சமையலறை வழியாக உள்ளே கூப்பிட்டாள். புஷ்பராஜ் ஊதிய விசிலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீன் பொரிந்த வீட்டுக்குள் சன்னவீரப்பா வாழ்க்கையில் முதல்முறையாக நுழைந்தார். மூக்கிலிருந்த துண்டை வாசலிலேயே அவிழ்த்துவிட்டார். குலாபி மீன் படாத பாத்திரம் ஒன்றைக் கழுவி, மல்லியும் சீரகமும் போட்ட கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பெண்கள் இருவரும் இறந்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. எந்த ஊரில் தேங்காய் நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு பஸ்ஸிலேயே அவர்கள் கதகுக்குக் கிளம்பினார்கள்.

வந்த சில நாட்களில் வலைப்பூவில் அந்தப் படம் வந்தது. நீலகங்கா அதைத் திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள். 'ஹொசகடவின் அழகில் கண்கலங்கிய கதக் பயணி' என்று போட்டிருந்தது. பின்னால் மங்கலாக விளக்கு. அவள் முகத்தில் கண்ணீர் அருமையாக விழுந்திருந்தது. நல்ல புகைப்படக்காரர்தான், அதில் சந்தேகமில்லை.

கவுன்டரில் அவளுக்குத் திடீரென்று மரியாதை கூடியது. காவேரி பெல்லத் என்ற பெண் பில் கட்ட வந்தவள் போனை நீட்டினாள்.

"அக்கா, இது நீங்கதானே? நாங்க குடும்பத்தோட போறதா முடிவு பண்ணிட்டோம். எங்க மாமனார் தவறினதுலேர்ந்து அத்தை யாரோடயும் பேசறதில்ல. அந்த ஜன்னலைப் பாத்தா மனசு லேசாகுமாம்."

"போகாதீங்க காவேரி" என்றாள் நீலகங்கா. எல்லாவற்றையும் சொன்னாள். பாதிப் படகு, சாக்கடை, பிள்ளைகள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், குலாபி. பின்னால் நின்ற வரிசையும் காது கொடுத்துக் கேட்டது.

காவேரி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "படத்துல அப்படி ஒண்ணும் இல்லையே அக்கா."

"நான் பொய்யா சொல்றேன்?"

"உங்க மூஞ்சியே சொல்லுதே. இவ்வளவு உருகிப் போய் நிக்கறீங்க. பிடிக்காத இடத்துல யாராவது இப்படி நிப்பாங்களா?"

சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த சன்னவீரப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நீலகங்கா அவரைக் காட்டினாள். "இவரைக் கேளுங்க. என் பக்கத்துலயேதான் நின்னாரு."

காவேரி அவரைப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினாள். "அண்ணன் இதுல இல்லையே?"

"இருக்கேன்மா" என்றார் அவர். "அவ தோள்மேல பாரு. அந்த ஓரத்துல நாலு விரல் தெரியுதுல்ல? அது என் கை."

"அது யாரு கையா வேணும்னாலும் இருக்கலாம்ல அண்ணா?"

சன்னவீரப்பா கவுன்டர் பலகைமேல் தன் வலது கையை விரித்து வைத்தார். காவேரி போனைப் பக்கத்தில் வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் முன்னால் நெருங்கி வந்து குனிந்து ஒப்பிட்டார்கள். விரல் பருமன் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். நகம் வேறு மாதிரி இருக்கிறதே என்றார் இன்னொருவர். சிறிது நேரம் விவாதம் நடந்தது. படத்தில் இருக்கிற கை அந்தி வெளிச்சத்தில் பொன்னிறமாக இருக்கிறது, இது மாவு படிந்து வெளுத்துக் கிடக்கிறது, இரண்டும் ஒரே கையாக இருக்க வழியில்லை என்று கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தான் மட்டும் பார்த்துவிட்டு வந்து மற்றவர்களைத் தடுப்பது சரியில்லை என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

காவேரி பில்லைக் கட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் புறப்படுகிறார்களாம்.

சன்னவீரப்பாவின் கை இன்னும் பலகைமேலேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை போலிருந்தது. நீலகங்கா கம்பிக்கு உள்ளேயிருந்து அதன்மேல் தன் கையை வைத்தாள். அடுத்து நின்றவர் ரசீதுக்காகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.